முடித்த நான்கு கேம்கள்: மனதில் பட்டதை அப்படியே எழுதுகிறேன்

கரிசல்

பொங்கல் விடுமுறையில் தொடங்கி ஆடி பிறப்பதற்குள் நான்கு கேம்களை முடித்தேன். ரெட் டெட் ரிடெம்ஷன் 2, செகிரோ, அவுட்டர் வைல்ட்ஸ், வெண்பா. நான்கும் வந்து சில வருடங்கள் ஆனவைதான். வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு மேல் கன்ட்ரோலரைத் தொடுகிறவனுக்கு எல்லாமே தாமதமாகத்தான் வந்து சேரும். கதை முடிவுகளையும் பேசப் போகிறேன், அதனால் இன்னும் ஆடாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ரெட் டெட் 2, அமெரிக்க மேற்கில் ஒரு கொள்ளைக் கூட்டத்தில் ஒருவனாக ஆடும் கேம், எனக்குப் பெரிய ஏமாற்றம். 2018-இல் வந்த நாளிலிருந்து நண்பர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் கேம் என்பதால் எழுதத் தயங்கினேன். ஆனால் 63 மணி நேரம் கொடுத்திருக்கிறேன், சொல்லத்தான் வேண்டும். உலகம் அழகு, மறுப்பில்லை. அந்த உலகத்துக்குள் நான் செய்கிற ஒவ்வொன்றும் இழுவை. கூட்டத்தின் முகாமுக்குள் கால் வைத்தால் ஓட முடியாது. ஒரு மானைச் சுட்டால் தோலுரிப்பதை முழுதாக நின்று பார்க்க வேண்டும், அது ஐம்பதாவது மானானாலும். வீட்டுக்குள் தேடினால் ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து ஒவ்வொரு டப்பாவாக எடுக்க வேண்டும்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மிஷன்களைத்தான், அதாவது கதையை நகர்த்தும் பணிகளைத்தான், பொறுக்க முடியவில்லை. எங்கே வேண்டுமானாலும் போ, எதை வேண்டுமானாலும் செய் என்று சொன்ன அதே கேம், மிஷன் தொடங்கியதும் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. ஒரு துப்பாக்கிச் சண்டையில் பாறையைச் சுற்றி எதிரிகளின் பின்பக்கம் வரலாம் என்று ஒதுங்கினேன். கூட்டாளிகளைக் கைவிட்டுவிட்டாய் என்று சொல்லி மிஷனை முடித்துவிட்டது. நான் எந்தப் பாறைக்குப் பின்னால் ஒளிய வேண்டும் என்பதுவரை அவர்களே முடிவு செய்துவிட்டார்கள் என்றால், அவ்வளவு பெரிய வரைபடம் எதற்கு?

ஜப்பானிய வாள்சண்டைக் கேமான செகிரோ இதற்கு நேர் எதிர். 41 மணி நேரம், அதில் அஷினா கோட்டை உச்சியில் நிற்கும் கெனிச்சிரோ என்ற எதிரியிடம் மட்டும் மூன்று இரவுகள். மூன்றாம் இரவில் அவனுடைய வாள் வரும் தாளம் என் விரலுக்குப் புரிந்துவிட்டது. என் ஆள் பலசாலி ஆகவில்லை, நான்தான் தேறியிருந்தேன். இதற்கு ஈசி மோட், அதாவது ஆட்டத்தை எளிதாக்கும் அமைப்பு, கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

விண்கப்பலில் கோள் கோளாகப் போய் ஆராயும் அவுட்டர் வைல்ட்ஸ் நான்கில் முதலிடம். 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கிறது, நீங்கள் மறுபடி அதே தீயருகே கண் விழிக்கிறீர்கள். துப்பாக்கி இல்லை, லெவல் இல்லை. தெரிந்துகொண்டது மட்டும் கையில் மிஞ்சும், அதை வைத்துத்தான் எல்லாக் கதவும் திறக்கிறது.

வெண்பா, கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியாகச் சொல்லும் கேம். ஆவி எல்லாத் தட்டுக்கும் போகும்படி இட்லித் தட்டுகளை மாற்றி மாற்றி அடுக்க வேண்டிய இடத்தில் சிரித்துவிட்டேன், என் அம்மா எனக்குச் சொல்லித் தந்ததே அது. ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. வருடங்கள் தாவித் தாவிப் போகின்றன. மனிதர்களோடு பழக நேரமே தரவில்லை.

குதிரைவாலி

மிஷன்கள் பற்றிச் சொன்னதில் பாதிக்கு மேல் சரி. ஆனால் மெதுவாக இருப்பதைக் குறை என்று சொன்னதை என்னால் விட முடியாது.

ரெட் டெட்டின் இரண்டாம் அத்தியாயத்தில், கூட்டத்து ஆளான ஸ்ட்ராஸ் கொடுத்த கடனை வசூலிக்க டௌன்ஸ் என்பவரின் வீட்டுக்குப் போவீர்களே, நினைவிருக்கிறதா? நோயாளி மனிதர். நாம் ஆடும் ஆர்தர் அவரை அடிக்கிறான், அவர் இவன் முகத்தில் இருமுகிறார். அவ்வளவுதான். கேம் அங்கே எதையும் அடிக்கோடிட்டுக் காட்டுவதில்லை. அதன் பிறகு நீங்கள் மீன் பிடிக்கிறீர்கள், தாடி வளர்க்கிறீர்கள், முகாமில் இறைச்சிக் குழம்பு சாப்பிடுகிறீர்கள். குவார்மா தீவிலிருந்து திரும்பிய பிறகு செயிண்ட் டெனிஸ் தெருவில் ஆர்தர் மயங்கி விழும்போதுதான் காசநோய் என்று தெரிகிறது. எனக்கு அந்த இடைவெளியில் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது. எங்கே தொற்றியது என்று யோசித்துப் பின்னால் போனபோது வயிறு கலங்கிவிட்டது. இதைப் பத்து மணி நேரக் கேமில் செய்ய முடியாது.

அந்த இழுப்பறை, சோறு, குளியல், முடிவெட்டு எல்லாம் எதற்கு என்று கேட்டீர்கள். அந்த உடம்பை நம் பொறுப்பில் விடுவதற்கு. ஐம்பது மணி நேரம் ஊட்டி வளர்த்த உடம்பு, கடைசியில் எவ்வளவு கொடுத்தாலும் தேறாது. கண் சிவந்து, கன்னம் ஒட்டிப்போய், எடையே ஏறாது. நீங்கள் வெட்டி வேலை என்று சொன்ன அதே வேலையைச் செய்யும்போதுதான் அது உறைக்கும்.

எங்கள் வீட்டில் கொள்ளுத்தாத்தா காசநோயில் போனவர். 1882-இலேயே கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார்கள், மருந்து வந்தது 1940-களில். கதை நடப்பது 1899-இல். காரணம் தெரியும், செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஆர்தருக்கு அந்த டாக்டர் சொல்லும் யோசனையும் வேறிடம் போய் ஓய்வெடு என்பதுதான். வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம் என்று நம் சென்னையில் இருந்த மையம் 1950-களில் ஆய்வு செய்து காட்டியது. மருந்து வருவதற்கு முன்னால் இந்த நோய் கண்ட பலருக்கும் ஆர்தரின் நிலைமைதான். என் பாட்டி சொன்ன கதையை ஒரு கேமில் பார்ப்பேன் என்று நான் நினைத்ததில்லை.

தேரிக்காடு

செகிரோ பற்றி எழுதியதற்குக் கைகொடுங்கள். நான் ஐந்து முறை முடித்திருக்கிறேன். ஈசி மோட் வைத்தால் அது செகிரோவே இல்லை. எதிரியின் உயிரைக் குறைப்பது இரண்டாம் பட்சம், அவன் நிலையைக் குலைப்பதுதான் சண்டை. வாளை வாளால் சரியான நொடியில் தட்டிவிட்டால் அவன் நிலை குலைகிறது, தள்ளி நின்று மூச்சு வாங்கினால் அவன் மறுபடி நிமிர்ந்துவிடுகிறான். பயந்து ஒதுங்குகிறவனுக்கு நீண்ட சண்டை, முன்னே போகிறவனுக்குக் குறுகிய சண்டை. எதிரியின் அடியைப் பாதியாகக் குறைத்துவிட்டால் முன்னே போகக் கற்றுக்கொள்ளவே தேவை இருக்காது. நான்கு அடி வாங்கினாலும் பரவாயில்லை என்று கண்டபடி வெட்டி முடித்துவிடுவார்கள். பிறகு இதில் என்ன பெரிதாக இருக்கிறது என்று எழுதுவார்கள்.

பழைய கோயிலில் ஹன்பெய் என்று ஒருவன் நிற்கிறான், சாக முடியாதவன். பயிற்சிக்கென்றே வைத்திருக்கிறார்கள். அவனிடம் அரை மணி நேரம் செலவழிக்காதவர்கள்தான் பெரும்பாலும் கேம் நியாயமில்லை என்கிறார்கள்.

இடதுகை

நான் ஹன்பெய்யிடம் அரை மணி நேரம் இல்லை, ஒரு வாரம் இருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் பைக்கில் விழுந்து இடது மணிக்கட்டில் தகடு வைத்திருக்கிறார்கள். தட்டிவிடும் பொத்தான் இடது கை ஆள்காட்டி விரலில் வருகிறது. மாற்றிப் பார்த்தேன், வலது கைக்குக் கொண்டுவந்தால் வெட்டும் பொத்தானோடு மோதுகிறது. எதிரி எப்போது அடிக்கப் போகிறான் என்று எனக்குத் தெரியும். கண் பார்த்துவிடுகிறது, மூளை சொல்லிவிடுகிறது, விரல் ஒரு இமைப்பொழுது தாமதம். இருபது நிமிடம் ஆடினால் கை மரத்துப்போகிறது. கெனிச்சிரோவோடு நிறுத்தினேன்.

தேரிக்காடு அண்ணா, நீங்கள் சொன்ன முன்னே போகிற துணிச்சல் எனக்கும் இருக்கிறது. அதைக் காட்ட எனக்குக் கொஞ்சம் அதிக நேரம் வேண்டும், அவ்வளவுதான். எதிரியின் அடியைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

இன்னொன்று. செகிரோவில் கடினத்தை மாற்ற வழியே இல்லை என்று எல்லோரும் பேசுகிறீர்கள். இருக்கிறது. பேய் மணியை அடித்தால் எதிரிகள் பலமாவார்கள், பதிலுக்கு நல்ல பொருட்கள் விழும். ஒருமுறை முடித்த பிறகு, கதையில் வரும் சிறுவன் குரோவின் தாயத்தைத் திருப்பிக் கொடுத்தால், மிகச் சரியாகத் தட்டாத ஒவ்வொரு தடுப்புக்கும் நம் உயிர் குறையும். அதாவது உங்களுக்கு இன்னும் கடினமாக்கிக்கொள்ள இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். அதனால் செகிரோவின் தன்மை கெட்டுப்போனதாக யாரும் சொல்லவில்லையே?

கரிசல்

தாயத்து விஷயம் நான் யோசிக்காதது. அதற்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை, யோசித்து எழுதுகிறேன்.

குதிரைவாலி, டௌன்ஸ் வீட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். அது நல்ல எழுத்து, சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் இரண்டு விஷயங்களை ஒன்றாகக் கட்டுகிறீர்கள். அந்த இருமலுக்கும் மயக்கத்துக்கும் நடுவே காலம் போக வேண்டும், சரி. அந்தக் காலத்தை ஐம்பது மான் தோலால் நிரப்ப வேண்டுமா? கூட்டத்து இளைஞன் லென்னியோடு வேலண்டைன் ஊர் மதுக்கடையில் குடித்துவிட்டுத் திரிகிற மிஷன் நினைவிருக்கிறதா, பார்க்கிற முகமெல்லாம் லென்னியாகத் தெரியும். சிறுவன் ஜாக்கை மீன் பிடிக்கக் கூட்டிப்போகிற மிஷன் இருக்கிறது. இரண்டிலும் அவசரமே இல்லை. எனக்கு இரண்டும் பிடித்தன. மெதுவாக இருந்தாலும் ஒவ்வொரு நிமிடமும் புதிதாக இருந்தது. தோலுரிப்பது முதல் முறை கதை, இரண்டாம் முறை நினைவூட்டல், அப்புறம் வெறும் காத்திருப்பு.

குதிரைவாலி

வேகமாக ஆட வழி இருக்கிறதே. ரயிலில் போகலாம், வண்டி பிடிக்கலாம். முகாமில் ஆர்தரின் இருப்பிடத்தை மேம்படுத்தினால் வரைபடத்திலிருந்தே ஊருக்குத் தாவலாம். வேட்டையை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, ஐம்பது மானைச் சுட்டது நீங்கள்தான்.

காத்திருப்பு என்று சொன்னதற்கு வருகிறேன். என் குதிரைக்கு ஐம்பது மணி நேரம் தீவனம் கொடுத்து, கழுத்தைத் தட்டி, சேற்றைத் தேய்த்துவிட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதே அசைவுதான். கடைசி ஓட்டத்தில் அது சுடப்பட்டு விழும்போது, பின்னால் ஆட்கள் துரத்தி வருகிற நேரத்திலும், ஆர்தர் திரும்பிப் போய் மண்டியிட்டு அதற்கு நன்றி சொல்கிறான். நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். கட்சீனில், அதாவது நாம் ஆடாமல் பார்க்கும் காட்சியில், அறிமுகமாகி கட்சீனில் சாகிற குதிரையாக இருந்தால் எனக்கு அந்த அழுகை வந்திருக்காது. திரும்பத் திரும்பச் செய்ததுதான் அதை என் குதிரையாக்கியது. வீட்டில் நாயைக் குளிப்பாட்டுவதும் ஒவ்வொரு முறையும் புதிதாக இருப்பதில்லை.

ஸ்கார்பரோ பேரன்

கரிசல் அண்ணா, ஒன்று கேட்கலாமா? 63 மணி நேரக் கேம் இழுவை என்கிறீர்கள், ஒன்றரை மணி நேரக் கேமில் நேரம் போதவில்லை என்கிறீர்கள். உங்களுக்கு எவ்வளவு நேரம்தான் வேண்டும்?

நான் இங்கே பிறந்தவன். வெண்பா நடக்கிற நாட்டில் வளர்ந்தவன். எங்கள் வீடு யாழ்ப்பாணத்து வீடு, அதனால் இட்லியைவிடப் புட்டும் இடியப்பமும்தான் அதிகம், ஆனால் அந்தச் சமையலறை எனக்குத் தெரிந்த சமையலறை. நீங்கள் பழக நேரம் தரவில்லை என்று சொன்ன அந்தத் தாவல்கள்தான் எனக்கு நெஞ்சில் பட்டன. எனக்கு எட்டு வயதில் அம்மாவோடு இருந்த நெருக்கம் பதினாறு வயதில் இல்லை. நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் என்னால் ஒரு நாளைக் காட்ட முடியாது. பள்ளிக்கூடம், நண்பர்கள், வேலை. திரும்பிப் பார்த்தபோது நான் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவனாக இருந்தேன். கேமில் மகன் கவின் சிறுவனாக இருக்கிறான், அடுத்த அத்தியாயத்தில் பெரியவன், அம்மா சமைத்து வைத்துக் காத்திருக்கிறாள். நடுவே உள்ள வருடங்கள் எங்களுக்கும் அப்படித்தான் காணாமல் போயின.

அம்மாவின் சமையல் குறிப்பை அவனே படித்துச் சமைக்க முயல்கிற இடம் வருகிறதே. எழுத்து அழிந்திருப்பது ஒரு தடை, அவனுக்குத் தமிழ் சரியாகப் படிக்க வராதது இன்னொரு தடை. நீங்கள் அதைச் சுலபமான புதிர் என்று கடந்திருப்பீர்கள். நான் அங்கே நிறுத்திவிட்டு அம்மம்மாவுக்கு அழைப்பு எடுத்தேன். இந்தப் பதிவை எழுதவும் எனக்கு அகராதி திறந்திருக்கிறது.

கரிசல்

தம்பி, உங்கள் தமிழ் நன்றாகவே இருக்கிறது. எவ்வளவு நேரம் வேண்டும் என்ற கேள்வியும் சரியான கேள்வி. என் பதிவிலேயே அந்த முரண் இருக்கிறது, எழுதும்போது தெரியவில்லை.

நேற்று இரவு முழுக்க யோசித்தேன். மணிக்கணக்கு எனக்குப் பிரச்சினை இல்லை. செலவழித்த நேரம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். செகிரோவில் அது விரலில் சேர்கிறது. அவுட்டர் வைல்ட்ஸில் தலையில் சேர்கிறது. சூரியன் எத்தனை முறை வெடித்தாலும் நான் தெரிந்துகொண்டதை அதனால் எடுத்துக்கொள்ள முடியாது, கப்பலில் உள்ள குறிப்பேட்டில்கூட அது இருக்கும். ரெட் டெட்டில் அது குதிரையிடம் சேர்ந்தது என்று குதிரைவாலி சொல்கிறார். எனக்கு அப்படிச் சேரவில்லை. என் குதிரை நான்காம் அத்தியாயத்தில் ரயிலில் அடிபட்டுப் போய்விட்டது, பிறகு வாங்கியதோடு ஒட்டவே இல்லை. அது என் ஆட்டத்தின் விளைவு, கேமின் குறை இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.

வெண்பா விஷயத்தில் நீங்கள் சொன்னதை ஏற்கிறேன், ஒரு மனக்குறையோடு. தாவல்கள் பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் உண்மை. ஆனால் கேமின் பெயரே வெண்பா, அம்மாவின் பெயர். அம்மாவுக்கு அந்த வருடங்கள் தாவிப் போகவில்லை, ஒவ்வொரு நாளாகத்தான் போயிருக்கும். எனக்கு இரண்டு வயதில் மகள் இருக்கிறாள், அதனால் நான் அந்தப் பக்கத்தில் நின்று பார்த்தேனோ என்னவோ. சமையல் இல்லாத, யாரும் வராத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையை அவளோடு இருந்து பார்க்க விட்டிருக்கலாம்.

ஸ்கார்பரோ பேரன்

அம்மாவின் செவ்வாய்க்கிழமை. இதை நான் நினைக்கவே இல்லை அண்ணா. இருந்தாலும் அப்படி ஒரு அத்தியாயம் வைத்திருந்தால் அது வேறு கேம். ஒரு சிறிய குழு செய்தது. நீளம் கூட்டியிருந்தால் அந்தச் சமையல் காட்சிகளின் அழகு, வெங்காயம் வதங்குகிற சத்தம், வானொலியில் அந்தந்தக் காலத்துத் தமிழ்ப் பட இசையின் சாயலில் வருகிற பாட்டு, இவ்வளவு நேர்த்தியாக வந்திருக்குமா என்பது சந்தேகம்.

நிலாச்சோறு

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். அவுட்டர் வைல்ட்ஸை எல்லோரும் புகழ்வதைப் பார்த்து வாங்கினேன், எட்டு மணி நேரத்தில் விட்டுவிட்டேன். கரிசல் சொன்ன அளவுகோலை வைத்தே கேட்கிறேன். ஜோடிக் கோள்கள் இருக்கின்றனவே, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மணல் கொட்டிக்கொண்டே இருக்கும். குகைக்குள் நான் வழி கண்டுபிடிப்பதற்குள் மணல் ஏறி நசுக்கிவிட்டது. மறுபடி கண் விழி, லிஃப்டில் ஏறு, கப்பலைக் கிளப்பு, பறந்து போ, இறங்கு, அதே குகைக்கு நட. நான்கு முறை. நான்கு முறையும் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. இதற்கும் உங்கள் ஐம்பதாவது மானுக்கும் என்ன வித்தியாசம்? தோலுரிப்பதாவது சில நொடிதான்.

குதிரைவாலி

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன்.

கரிசல்

நிலாச்சோறு, இதற்கு மறுப்புச் சொல்ல முடியாது. அந்தக் குகையில் எனக்கும் மூன்று சுற்றுகள் வீணாயின. பிடித்த கேம் என்பதால் மறந்துவிட்டேன், அதுதான் உண்மை. பிடிக்காத கேமில் அதே விஷயத்தைக் கணக்கெழுதி வைத்திருக்கிறேன்.

ஆனால் விட்டுவிடாதீர்கள். ஒரே குகையை நான்கு முறை முட்டாமல், வேறு கோளுக்குப் போய்விட்டு வாருங்கள். ஒரு இடத்தில் அடைபட்ட வழிக்கான சாவி இன்னொரு இடத்தில் சுவரில் எழுதியிருக்கும். ஜயன்ட்ஸ் டீப் என்ற கோளில் காப்ரோ என்று ஒருவன் ஊஞ்சலில் படுத்திருப்பான். அவனிடம் பேசினால் தியானம் சொல்லித் தருவான், பிறகு சுற்று வீணாகிவிட்டது என்று தெரிந்ததும் காத்திருக்காமல் அடுத்த சுற்றுக்குப் போய்விடலாம். மணல் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன்: ஒரு கோளில் ஏறுகிற மணல் இன்னொன்றிலிருந்து இறங்குகிறது. இதற்கு மேல் சொன்னால் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்வதாகிவிடும்.

தேரிக்காடு

இடதுகை தம்பியின் பதிவுக்குப் பதில் எழுத இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். மணிக்கட்டு பற்றி வருத்தம். அது தெரியாமல் ஹன்பெய் பற்றி அப்படி எழுதியிருக்கக் கூடாது.

ஆனாலும் என் கருத்து முழுதாக மாறவில்லை. செகிரோவைச் செய்தவர்களின் எல்டன் ரிங்கிலும் ஈசி மோட் கிடையாது. ஆனால் ஒரு பாஸை, அதாவது பெரிய எதிரியை, வீழ்த்த முடியவில்லை என்றால் வேறு பக்கம் போகலாம், லெவல் ஏற்றலாம், ஆவிகளைத் துணைக்கு அழைக்கலாம், தூர நின்று மந்திரம் போடலாம். கோடிக்கணக்கானவர்கள் வாங்கினார்கள். செகிரோவில் அந்த வழிகள் இல்லை, ஒரே வாள், ஒரே வழி. அது குறுகலான கேம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அந்தக் குறுகல்தான் எனக்குப் பிடித்தது. நான் செகிரோவின் நாயகன் ஓநாயாக நின்று கடைசி எதிரி இஷினை வீழ்த்தியபோது, இதே இஷினைத்தான் வீழ்த்திய எல்லோரும் பார்த்தார்கள் என்ற நினைப்பு எனக்கு முக்கியமாக இருந்தது. ஆளுக்கொரு இஷின் என்றால் அது போய்விடும்.

இடதுகை

அந்த நினைப்பின் மதிப்பு எனக்கும் தெரியும் அண்ணா. அதனால்தான் நானும் ஒரு வாரம் முட்டினேன்.

ஆனால் ஏற்கனவே எல்லோரும் ஒரே இஷினைப் பார்க்கவில்லை. பேய் மணி அடித்தவர் வேறு இஷினைப் பார்த்தார். தாயத்தைக் கொடுத்தவர் வேறு இஷினைப் பார்த்தார். சிறிய திரையில் வேகமான மானிட்டரில் ஆடுகிறவரும், பட உள்ளீடு தாமதமாகும் பழைய டிவியில் ஆடுகிறவரும் ஒரே இஷினைப் பார்ப்பதில்லை. செலஸ்டே 2018-இல் வந்தது, அதுவும் விரலை முறிக்கிற கேம்தான். அதில் உதவி மோட் வைத்தார்கள்: வேகத்தைக் குறைக்கலாம், சாகாமலும் ஆடலாம். அதை அணைத்து வைத்து மலையேறியவர்களின் பெருமை அதனால் குறைந்ததா? தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2-இல் மாற்றுத்திறனாளிகளும் ஆட உதவும் அணுகல் அமைப்புகள் அறுபதுக்கும் மேல் இருக்கின்றன. நான் எதையெல்லாம் தொட்டேன் என்று என் பக்கத்தில் ஆடுகிறவருக்குத் தெரியாது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, வேகம். எதிரி அதே அடி அடிக்கட்டும், இரண்டு அடியில் நான் செத்துப்போகட்டும்.

கரிசல்

இரண்டு பேரையும் படித்துவிட்டு என் முதல் பதிவில் ஒரு வரியைத் திருத்துகிறேன். ஈசி மோட் கேட்பவர்களோடு உடன்பாடில்லை என்று எழுதியிருந்தேன். அடியின் பலத்தைக் குறைப்பதில் இன்னும் உடன்பாடில்லை, தேரிக்காடு சொன்ன அதே காரணத்துக்காக. வேகத்தைக் குறைப்பது வேறு. விரலில் நேரம் சேர வேண்டும் என்று எழுதியவன் நான். விரலுக்கே அந்த வாய்ப்பு இல்லாதபோது என் வாதம் நிற்கவில்லை.

இடதுகை, கணினியில் ஆடுகிறீர்களா? செகிரோவின் வேகத்தைக் குறைக்கும் மாட் ஒன்று, ரசிகர்கள் செய்த மாற்றம், இருக்கிறது. அதில் விழுக்காடு வைத்துக்கொள்ளலாம்.

இடதுகை

கணினிதான். வார இறுதியில் பார்க்கிறேன்.

குதிரைவாலி

செகிரோவுக்கு இவ்வளவு இறங்கி வந்தவர் ஆர்தருக்கும் கொஞ்சம் இறங்கி வரலாம். கரிசல், ஒரே ஒரு வேண்டுகோள். பழைய சேவ் (சேமித்த ஆட்டம்) ஏதாவது வைத்திருக்கிறீர்களா? இரண்டாம் அத்தியாயம், ஹார்ஸ்ஷூ ஓவர்லுக் முகாம். மிஷன் எதையும் தொடாமல் ஒரு இரவு மட்டும் அங்கே இருந்து பாருங்கள்.

கரிசல்

சேவ் இருந்தது. நேற்று இரவு பத்தரைக்குத் திறந்தேன்.

முகாமில் ஓட முடியாது என்ற எரிச்சல் முதல் ஐந்து நிமிடம் இருந்தது. அப்புறம் எங்கேயும் போக வேண்டியதில்லை என்பதால் அது தெரியவில்லை. தீயருகே பாடிக்கொண்டிருந்தார்கள். கூட்டத் தலைவன் டச்சும் மூத்தவர் ஹோசியாவும் பழைய கதை பேசினார்கள், நான் 63 மணி நேரத்தில் ஒருமுறையும் கேட்காத பேச்சு. லென்னி காவலுக்கு நின்றான். இவர்களில் யார் யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. ஆர்தர் நன்றாகத்தான் இருந்தான், ஆனால் அந்தச் சேவில் டௌன்ஸ் வீட்டுக்கு ஏற்கனவே போய் வந்துவிட்டேன். அவனுடைய நாட்குறிப்பைத் திறந்தால், நான் பார்த்துவிட்டுக் கடந்துபோன பறவைகளையெல்லாம் அவன் வரைந்து வைத்திருக்கிறான். ஒன்றரை மணி நேரம் இருந்தேன். சரியாக வெண்பாவின் நீளம்.

மிஷன்கள் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. இன்னும் கொஞ்சம் கோபமே வருகிறது, இப்படி ஒரு முகாமைக் கட்டத் தெரிந்தவர்களுக்கு என்னை அந்தப் பாறைக்குப் பின்னால் போகவிடத் தெரியவில்லையே என்று.

குதிரைவாலி

அந்தக் கோபத்தில் நானும் சேர்ந்துகொள்கிறேன்.

இடதுகை

80 விழுக்காட்டில் வைத்தேன். கெனிச்சிரோ விழுந்துவிட்டான்.

பதினேழாவது முயற்சி. கடைசிக் கட்டத்தில் அவன் மின்னலை எடுத்தபோது நான் குதித்துவிட்டேன், காற்றில் அதை வாங்கி, கால் தரையில் படுவதற்குள் அவன் மேலேயே திருப்பி விட்டேன். இதை வீடியோவில்தான் பார்த்திருந்தேன். கை மரத்துவிட்டது, ஆனால் பிறகுதான் கவனித்தேன். தேரிக்காடு அண்ணா, ஒரு அடிகூட எனக்காகக் குறையவில்லை. பதினாறு முறை கொன்றான்.

தேரிக்காடு

பதினேழா? முதல் தடவை எனக்கு முப்பதைத் தாண்டியது.

அடுத்து மூழ்கிய பள்ளத்தாக்கு வரும். அங்கே ஒரு பெரிய வெள்ளைக் குரங்கு இருக்கிறது, காவல் குரங்கு என்று பெயர். முதலில் பட்டாசுக் கருவியைப் பொருத்திக்கொண்டு போங்கள், மிருகங்கள் அதற்கு மிரளும், உங்கள் மணிக்கட்டுக்கும் இரண்டு நொடி ஓய்வு கிடைக்கும். ஈட்டியையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள், எதற்கு என்று இரண்டாம் பாதியில் தெரியும். அதன் தலை உருண்டதும் முடிந்தது என்று கையைத் தளர்த்திவிடாதீர்கள்.